மாமா வெறுத்த மருந்து

மாமாவின் ஜிம்மில் ஸ்டீராய்டு என்று எவனாவது வாயைத் திறந்தால் போதும், அவன் பை வாசலில் கிடக்கும். உடம்பை ஊதவைக்க அதை ஏற்றிக்கொண்ட தம்பியைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். அதனால் நான் அவரைக் குறை சொன்னதே இல்லை. அன்று ஆஸ்பத்திரியில் கத்தியே சொன்னேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அக்கா நினைவில்லாமல் கிடந்தாள். சிறுநீரகத்தில் தொடங்கிய கிருமி ரத்தமெல்லாம் பரவி, பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. ஆண்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தது. பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தைப் பம்ப்பில் கூட்டிக்கொண்டே போனார்கள். திரையில் எண் அசைந்து கொடுக்கவில்லை.

"ஸ்டீராய்டும் சேர்த்துப் போடணும்," என்றார் டாக்டரம்மா.

மாமா கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றார். "அந்த விஷத்தை என் பொண்டாட்டி உடம்புல ஏத்த விடமாட்டேன்."

"சார், இது அந்த ஸ்டீராய்டு இல்ல. நம்ம உடம்பே சுரக்கிறது மாதிரிதான். சர்க்கரை ஏறும், பாத்துக்குவோம். பிழைச்சுடுவாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பிரஷர் நிக்க உதவும். பம்ப்பை இன்னும் எவ்ளோதான் கூட்டுறது? கூட்டக் கூட்ட விரலெல்லாம் கறுக்குது பாருங்க."

மாமா பார்க்கவில்லை. நான் அக்காவின் கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"உங்க தம்பி செத்ததுக்கு எங்கக்காவும் சாகணுமா, மாமா?"

அவ்வளவு பெரிய உடம்பு ஒடுங்கிப்போய்ச் சுவரோரம் நகர்ந்தது. "போடுங்க" என்றார். பாதிதான் வெளியே வந்தது.

ஊசி போட்டார்கள். பிறகு இன்னொன்று. அக்கா போய்விட்டால் இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குப் பயம்.

விடிந்து வெயில் ஏறிய பிறகு நர்ஸ் வந்து பம்ப்பைக் குறைத்தார். மாமா பாய்ந்தார்.

"ஏன் குறைக்கிறீங்க? கைவிட்டுட்டீங்களா? அவ உயிரோடதானே இருக்கா!"

"கைவிடல சார். பிரஷர் கொஞ்சம் நிக்குது. மெதுவா கையை எடுத்துப் பாக்குறோம். இப்பவே எதுவும் சொல்ல முடியாது."

ஜிம்மில் பளு தூக்குகிறவனுக்குப் பின்னால் நின்று, கம்பிக்கு அடியில் கைவைத்திருப்பதுதான் மாமாவின் வேலை. அவன் தாங்கிக்கொண்டால் விரல் விரலாக எடுப்பார். ஆனால் கையைத் தூரமாகக் கொண்டுபோக மாட்டார்.

அக்காவின் தலைமாட்டில் போய் நின்றார். கட்டில் விளிம்புக்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்தலாக வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க மாமா," என்றேன்.

"இரு. அவ இன்னும் பளுவை இறக்கி வைக்கல."