கடித்துத் தின்ன ஒரு டோஸ்ட்

தேவயானியின் தாடைக் கம்பியை எடுத்த அன்று டாக்டர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். வாயைத் திறந்து திறந்து பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே இறுகிவிடும். மெத்தென்று இருக்கிற எதையும் இனி மென்று சாப்பிடலாம். முதலாவதைத் தேவயானி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது அவள் கணவர் இசக்கிமுத்துவின் காதில் ஏறவே இல்லை.

சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம், வடலூரிலிருந்து சுரங்க டவுன்ஷிப்புக்குத் திரும்பும் வழியில் அவர்கள் ஸ்கூட்டருக்குக் குறுக்கே நாய் ஒன்று ஓடியது. இசக்கிமுத்து பிரேக்கை அழுத்தினார், வண்டி சாய்ந்துவிட்டது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த தேவயானியின் மோவாய் ரோட்டில் மோதி, தாடை எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக அவள் உறிஞ்சிக் குடித்தே இருந்தாள்.

இசக்கிமுத்து சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை செய்கிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பெர்மனென்ட் ஆனவர். அதுவரை அடுப்பங்கரையில் தண்ணீர் குடிக்கத்தான் நுழைந்திருப்பார். இப்போது ஷிப்ட் முடிந்து வந்ததும் மிக்ஸி முன்னால் போய் நின்றார். இட்லியையும் சாம்பாரையும் ஒன்றாகப் போட்டு அடித்து, வடிகட்டி, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார். கம்பியை எடுத்த பிறகும் அந்த மிக்ஸி ஓயவில்லை. தோசையைக்கூடக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கிப் பாலில் ஊறவைத்தார்.

"டாக்டரு மென்னு சாப்புடச் சொல்லிகிறாரு" என்று தேவயானி சொல்லிப் பார்த்தாள். வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. பேச்சு குழறியது.

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. மறுபடி எலும்பு விட்டுப்போச்சுன்னா?"

கம்பி கட்டியிருந்த நாட்களில் அவள் படுத்தபடி போனில் சமையல் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தாள். அதில் ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. முழு பிரட்டைத் தடியாக வெட்டி, நடுவில் பை மாதிரிக் கீறி, உள்ளே இனிப்பும் காரமுமாக அடைத்து, முட்டைப் பாலில் தோய்த்து, வெண்ணெயில் சிவக்கச் சுடுகிறார்கள். பிரெஞ்ச் டோஸ்ட்டாம். சுட்டு முடித்த பெண் அதை இரண்டு கையாலும் பிடித்து ஒரு கடி கடித்தாள். தேவயானி அந்தக் கடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். பற்களுக்குப் பின்னால் நாக்கு ஊறியது. கம்பியை எடுத்ததும் முதலில் கடிப்பது இதைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அன்றாடம் காலையும் மாலையும் வெந்நீரில் நனைத்த துண்டைத் தாடையில் வைத்துக்கொண்டு, ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடுக்கில் செருகி உட்கார்ந்திருப்பாள். காதோரம் இழுக்கும். கண்ணில் நீர் கோக்கும். கொஞ்சம் பழகியதும் இன்னொரு குச்சியை நுழைப்பாள். இசக்கிமுத்துவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் செய்தது வீணாயிற்று. பஜாரில் வாங்கிய பிரட் ஏற்கெனவே மெல்லிசாக வெட்டி வைத்தது. இரண்டு துண்டுக்கு நடுவே பூரணத்தை வைத்து முட்டைப் பாலில் போட்டதும் ஊறிப் பிய்ந்துவிட்டது. தோசைக்கல்லில் ஒரே கூழ்.

"பரவால்ல, வீணாக்க வேண்டாம். இதையே நல்லா மசிச்சு ஸ்பூன்ல தாரேன்" என்று இசக்கிமுத்து கிண்ணத்தை எடுத்தார்.

தேவயானி கிண்ணத்தை வாங்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நீங்க சாப்பிடுங்க. எனக்குக் கூழு போதும்னு ஆய்டுச்சு."

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மரியபுஷ்பம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அட, வெட்டாத பிரட்டுதானே? வடலூர்ல எங்க சொந்தக்காரர் பேக்கரி வெச்சிருக்காரு. முழுசாவே வாங்கியாறேன். ஒரு நாள் பழசா இருந்தா இன்னும் நல்லது, உறிஞ்சாது" என்றாள். சொன்னபடி சனிக்கிழமை சாயங்காலம் காகிதத்தில் சுற்றிய முழு பிரட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த நாள் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறு இசக்கிமுத்து நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். எப்படியும் பதினோரு மணிக்கு எழுவார். அவர் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகிப்போன நாள் அது. தேவயானி அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரோட்டோரம் வாங்கிய பலாச்சுளைகளை நார் தட்டாத அளவுக்குப் பொடியாக நறுக்கி, ஆவியில் வேகவைத்து, வெல்லமும் நெய்யும் விட்டுச் சுருளக் கிளறினாள். முந்திரியை ஊறவைத்து அரைத்துச் சேர்த்தாள். இன்னொரு கிண்ணத்தில் பனீரை உதிர்த்து, துருவிய சீஸ், பச்சை மிளகாய், மிளகுத்தூள், கொத்தமல்லித் தழை. பிரட்டை இரண்டு விரல் தடிமனுக்கு வெட்டினாள். கத்தி நுனியால் பக்கவாட்டில் கீறி, அடி கிழியாமல் விரலால் அகலப்படுத்தினாள். முதலில் பலா, அதன்மேல் பனீர், கீறிய வாயோரத்தை அழுத்திவிட்டாள். முட்டை, பால், துளி உப்பு, ஏலக்காய். ஒவ்வொரு பக்கமும் தோய்த்து, நெய் விட்ட தோசைக்கல்லில் வைத்து, சின்னத் தீயில் மூடிபோட்டாள். இந்த முறை எதுவும் பிரியவில்லை. திருப்பியபோது பொன்னிறமாக இருந்தது. ஓரங்களையும் நிறுத்திவைத்துச் சுட்டெடுத்தாள்.

நெய் வாசனைக்கு இசக்கிமுத்து எழுந்து வந்தார். தட்டைப் பார்த்தார். "பாம்பே டோஸ்ட்டா? இவ்வளவு மொத்தமாவா?" என்றபடியே கை தானாகக் கத்தரிக்கோலுக்குப் போயிற்று.

"அத வைங்க."

"நாலு துண்டாப் போட்டுத் தாரேன். உள்ள போறது ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்லீங்க. நான் கடிக்கணும்."

"பிடிவாதம் பிடிக்காத. இது உன் வாய்க்குள்ள நுழையாது."

"நுழையலன்னா நான் பாத்துக்கிறேன். நீங்க எதுக்கு இப்படிப் பயந்துகினே இருக்கீங்க?"

இசக்கிமுத்து கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "நான் அன்னைக்கு மெதுவா ஓட்டியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்தினார். விபத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுப்பது அதுதான் முதல் தடவை. "உன் மூஞ்சில ரத்தத்தப் பாத்தவன் நான். நீ பாக்கல."

தேவயானி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாயி குறுக்க வந்துச்சு. நீங்க என்ன வேணும்னா பண்ணீங்க? நான் ஒரு நாளாவது உங்களச் சொல்லிகிறேனா? அதுக்காவ நான் ஆயுசுக்கும் கூழு குடிச்சுகினே இருக்கணுமா?"

அவர் கத்தரிக்கோலை மேடையில் வைத்தார். அவள் டோஸ்ட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மேல் உதட்டில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கோணத்தை மாற்றிப் பார்த்தாள். பல்லுக்கு எட்டவில்லை. மூக்கு நுனியில் நெய் ஒட்டியதுதான் மிச்சம்.

"சொன்னேன்ல" என்றார் இசக்கிமுத்து. குரலில் ஜெயித்த மாதிரி எதுவும் இல்லை.

தேவயானி டோஸ்ட்டைத் தட்டில் வைத்தாள். "ஆறிடாமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

கட்டிலில் உட்கார்ந்து தாடைக்கு ஒத்தடம் கொடுத்தாள். குச்சிகளை அடுக்கினாள். நேற்றைய அளவு சுலபமாகப் போயிற்று. இன்னொன்றைச் செருகியதும் காதுக்குள் ஊசி ஏறியதுபோல் இருந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எடுத்துவிடலாம் என்று கை போனது. எடுக்கவில்லை. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்தாள். வலி குறையவில்லை, ஆனால் ஒரு கட்டத்துக்குமேல் ஏறவும் இல்லை. அதற்குமேல் ஒன்றையும் மெதுவாக நுழைத்தாள்.

அடுப்பங்கரையில் இசக்கிமுத்து தனியாக நின்றார். தட்டில் டோஸ்ட் ஆறிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அவர் அடுப்பைப் பற்றவைத்து, தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, டோஸ்ட்டைக் கல்லில் எடுத்துப் போட்டார். ஒரு ஸ்பூன் நெய் விட்டார். கருகிவிடுமோ என்று குனிந்து குனிந்து பார்த்துத் திருப்பினார். மரியபுஷ்பம் பூசை முடிந்து வந்து வாசலில் கூப்பிட்டாள்.

"என்னண்ணே, ஆச்சா?"

"இன்னும் இல்லம்மா. உள்ள இருக்கா. நீ உக்காரு."

தேவயானி வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நேராக வந்து கல்லிலிருந்து டோஸ்ட்டை எடுத்தாள். இந்த முறை ஒரு மூலையை வாய்க்கு நேராக வைத்தாள். திறந்தாள். பல் பதிந்தது. தாடை மூட்டில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டு இசக்கிமுத்து ஓரடி முன்னால் வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அப்படியே அழுத்திக் கடித்து இழுத்தாள். மூலை துண்டாகி வாய்க்குள் வந்துவிட்டது.

மெதுவாக மென்றாள். முதலில் முட்டையும் நெய்யும். பிறகு பலாவின் தித்திப்பு. அது அடங்குவதற்குள் பனீரின் உப்பும் மிளகாயின் சுருக்கும் நாக்கில் ஏறின. விழுங்க மனமில்லாமல் மென்றுகொண்டே இருந்தாள். மரியபுஷ்பம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்றார் இசக்கிமுத்து.

"வலிக்குது" என்றாள். அடுத்த கடி கடித்தாள்.

முழுதும் அவளால் முடியவில்லை. பாதிக்குமேல் தாடை ஓய்ந்துவிட்டது. சாயங்காலம் வீங்கவும் செய்யும், ஐஸ் வைக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்கே தெரியும். மீதியைத் தட்டோடு அவர் பக்கம் தள்ளினாள். இசக்கிமுத்து அவள் கடித்த இடத்திலிருந்தே ஒரு வாய் கடித்தார். மென்றவர் பாதியிலேயே நின்றார்.

"என்னத்தப் போட்ட உள்ள? பலாவா? பலாவுக்கும் மிளகாய்க்கும் எப்படிச் சேருது?"

"வெல்லம் கொறைச்சலாப் போட்டேன். அப்பதான் காரம் தெரியும்" என்று தேவயானி சொல்லத் தொடங்கினாள். மரியபுஷ்பத்துக்கு இன்னொன்று சுட வேண்டும். மிச்ச பிரட்டைப் பலகையில் வைத்து, தடிமனை விரலால் அளந்து, கத்தியை எடுத்தாள். இசக்கிமுத்து முட்டை உடைக்கத் தெரியாமல் உடைத்து, ஓட்டுத் துணுக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.