கேமராவுக்கு ஒரு சப்பாத்தி

சிமியு எதையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் நம்புவான். கென்யாவின் கித்தாலே ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் பிடித்த பழக்கம் அது. இப்போது கார் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கடைக்காக, புதிதாக வரும் டாஷ்கேமராக்களை வண்டியில் மாட்டி நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டது எழுதிக் கொடுக்கிறான். இதை வேலை என்று அவன் சொல்வான். மனைவி நாலியாகாவும், கேட்பவர் யார் என்று பார்த்து, வேலை என்றே சொல்வாள். மாமியார் செலினா அம்மாள் மட்டும் 'ஊர் சுத்துறது' என்பாள்.

அதையும் நேரில் சொன்னதில்லை. நேரில் அவள் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பன்னிரண்டு வருஷமாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சண்டை எதுவும் கிடையாது. லுஹ்யா இனத்தின் ஒரு கிளையான புகுசுக்காரர்களில் மாமியாரும் மருமகனும் அப்படித்தான். கை குலுக்கக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, ஒருவர் எதிரில் மற்றவர் ஒரு வாய் தின்னக் கூடாது. சந்தையில் மருமகன் எதிரே வந்தால் மாமியார் பக்கத்துத் தக்காளிக் குவியலைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கத் தொடங்கிவிடுவாள். செலினா அம்மாள் இன்னும் ஒரு படி மேலே. தேவாலய மாதர் சங்கத் தலைவி. பெண்ணைக் கட்டிக்கொடுக்கப்போகும் தாய்மார்களுக்கு, மருமகன் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புதன்கிழமைதோறும் வகுப்பு எடுப்பவள்.

இந்தத் தடவை கடையிலிருந்து வந்தது இரட்டைக் கேமரா. ஒரு கண் சாலையைப் பார்க்கும், இன்னொரு கண் வண்டிக்குள் பின்சீட்டைப் பார்க்கும். மூன்று நெடும்பயணம் ஓட்டி வெளிக்கண்ணுக்கு மதிப்பெண் போட்டு முடித்தாயிற்று. மழையில் எட்டு, திம்பொரோவா மலைமேட்டு மூடுபனியில் ஆறு, எதிர்வெயிலில் ஏழரை. பாக்கி இருந்தது உள்கண். யாரையாவது பின்சீட்டில் உட்காரவைத்து நைரோபிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அதுவும் திங்கட்கிழமைக்குள். எல்டோரெட்டில் ஒரு வேன் கம்பெனி தன் வேன்களுக்கெல்லாம் இதே கேமராவை மாட்டப்போகிறது. அவற்றைக் கவனித்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் தேவை. சிமியுவைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டே நிபந்தனை. அறிக்கை முழுசாக இருக்க வேண்டும். அவன் பேரில் விபத்து வழக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருபது வருஷம் ஓட்டியும் ஒரு கோழியைக்கூட இடிக்காதவன் அவன். இரண்டாவது நிபந்தனையைப் படித்துச் சிரித்தான்.

பின்சீட்டில் உட்கார ஒப்புக்கொண்டிருந்த சிநேகிதனுக்கு வெள்ளிக்கிழமை பல்வலி வந்தது. நாலியாகா உடனே வழி சொன்னாள்.

"அம்மாவுக்கு நைரோபியில கண்ணு காட்டணும். உங்களுக்குப் பின்சீட்டுக்கு ஆள் வேணும். ஒரே பெட்ரோல்ல ரெண்டும் முடியும்."

"படத்துல அவங்க முகம் வருமே."

"பின்ன முதுகா வரும்?"

"அதை நான் உட்கார்ந்து எட்டு மணி நேரம் பார்த்து மார்க் போடணும், நாலியாகா!"

"நான் பார்த்துச் சொல்றேன். நீங்க கண்ணை மூடிட்டு எழுதுங்க."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் செலினா அம்மாள் கையில் ஒரு கூடையோடு ப்ரோபாக்ஸ் காரின் பின்சீட்டில் ஏறினாள்; நாலியாகா முன்சீட்டில். சிமியு முதல் வேலையாக நடுக்கண்ணாடியை மேலே திருப்பினான். இனி அதில் கூரைத்துணியும் என்றோ நசுங்கிய ஒரு கொசுவும் மட்டுமே தெரியும். பக்கக் கண்ணாடிகள் போதும் என்று முடிவு செய்தான். அடுத்தது கேமராவின் சின்னத் திரை. அதில் சாலையும், ஒரு மூலையில் சிறிதாகப் பின்சீட்டும் தெரிந்துகொண்டிருந்தன. அந்த மூலையை மட்டும் மறைக்க ஒரு பொத்தான் உண்டு. பொத்தானை அழுத்துகிறவன் திரையைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மாமியார் தெரிவாள். ஆகவே பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்டே மூன்று தடவை அழுத்தினான். போதாததற்குத் திரைமேல் கைக்குட்டையையும் தொங்கவிட்டான். பிறகு நோட்டை எடுத்து, '6.05. இரண்டு கண்ணும் வேலை செய்கின்றன' என்று எழுதினான். அந்த நோட்டில் அவன் சரிபார்க்காமல் எழுதிய ஒரே வரி அதுதான்.

வழியெல்லாம் பேச்சு நாலியாகா மூலமாகவே நடந்தது.

"பள்ளம் ஒண்ணு விடாம எல்லாத்தையும் குசலம் விசாரிச்சிட்டுத்தான் போகணுமான்னு அவர்கிட்ட கேளு."

"கேட்டுச்சா உங்களுக்கு?" என்றாள் நாலியாகா.

"எனக்கு எதுவும் கேட்கலை. மெதுவாப் போறது பரிசோதனைக்காகன்னு சொல்லு."

"எனக்கும் எதுவும் கேட்கலை. இப்ப ஒரு மாடு நம்மளைத் தாண்டிப் போச்சு, அதைச் சொல்லு."

நகுருவில் சாப்பிட நிறுத்தினார்கள். கூடையில் ஃபிளாஸ்க் நிறைய இஞ்சி டீயும் துணியில் சுற்றிய சப்பாத்தியும் இருந்தன. மாமியார் அந்தப் பக்கம் போனால் சாப்பிடலாம் என்று சிமியு வண்டியின் முன்பக்கம் நின்றான். மாப்பிள்ளை இந்தப் பக்கம் போனால் சாப்பிடலாம் என்று செலினா அம்மாள் பின்பக்கம் நின்றாள். மரியாதை கருதி இருவரும் நகரவில்லை. நடுவில் நாலியாகா நாலு சப்பாத்தி தின்றாள்.

"யாராவது ஒருத்தர் அந்தக் கடைக்குப் பின்னால போங்களேன். செத்துக் கித்துத் தொலையப்போறீங்க."

"பசிக்கலை," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், வெவ்வேறு திசையைப் பார்த்து.

கினுங்கி மேட்டில் வண்டிகள் அடைத்து நின்றன. முன்னால் முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி. சிமியு கைப்பிரேக்கை இழுத்து எஞ்சினை நிறுத்தினான். நாலியாகா சால்வையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். கால்மணி நேரம் யாரும் அசையவில்லை. அப்புறம் பின்னால் 'டக்' என்று ஒரு மூடி திறந்த சத்தம். இஞ்சி டீ வாசனை வந்தது. நல்ல மருமகனுக்கு மூக்கு கிடையாது. சிமியு முட்டைக்கோஸ்களை எண்ணத் தொடங்கினான்.

இருபத்து மூன்றாவது முட்டைக்கோஸ் பெரிதாகத் தெரிந்தது. லாரி பின்னால் உருண்டு வந்துகொண்டிருந்தது! ஹாரனை அழுத்தினான். அதற்குள் லாரி வந்து ப்ரோபாக்ஸின் மூக்கை நசுக்கி, வண்டியையே ஒரு முழம் பின்னால் தள்ளிவிட்டு நின்றது.

லாரிக்காரர் கரியுகி இறங்கும்போதே சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"யோவ், கண்ணு எங்கய்யா வெச்சிருக்க? லாரி மேலயே வந்து ஏத்துறியே!"

"நான் ஏத்தினேனா? நீங்கதான் பின்னால வந்தீங்க!"

"பின்னால வர்றதுக்கு நான் என்ன வீட்டுல கொடையையா மறந்து வெச்சிட்டேன்? பின்னால நிக்கிறவன்தான் இடிப்பான். உலகத்துக்கே தெரியும்."

நெரிசலை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். பக்கத்துப் பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் இறங்கி வந்தார்கள். சிமியு பதறவில்லை.

"சார், என்கிட்ட கேமரா இருக்கு. ரெண்டு கண்ணு. எல்லாம் பதிவாகியிருக்கும்."

கைக்குட்டையை எடுத்துவிட்டுப் போனில் பதிவுகளைத் திறந்தான். வெளிக்கண்ணின் கடைசிப் படம் காலை 6.04. அதற்குப் பிறகு வரிசையாக உள், உள், உள். ஒரு தடவை அழுத்தினால் மூலை மறையும்; மூன்று தடவை அழுத்தியதில் வெளிக்கண்ணே மூடிப்போய், அவன் மறைக்க நினைத்த கண் மட்டும் நாள் முழுக்க இமைக்காமல் விழித்திருந்தது. கடைசிப் பதிவு நாலு நிமிஷம். அதில் என்ன இருக்கும் என்று அவன் மூக்குக்கு ஏற்கெனவே தெரியும்.

அதைக் காட்டினால் தப்பித்துவிடலாம். மரியாதை வகுப்பு எடுக்கும் மாமியார், மருமகனுக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். கித்தாலே பஸ் வேறு. புதன்கிழமை வகுப்புக்கு அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேரும்.

"படம் இருக்கா?" என்றார் போலீஸ்காரர்.

"இல்லை சார். பதிவாகலை."

"ரெண்டு கண்ணும் குருடா?" என்று கரியுகி கேட்க, கூட்டம் சிரித்தது.

நாலியாகா முன்னால் வந்தாள். "சார், நான் சாட்சி. வண்டி நின்னுட்டுத்தான் இருந்துச்சு."

"நீங்க என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"தூங்கிட்டிருந்தேன்."

"ரொம்ப நல்ல சாட்சி. பின்சீட்டுல இருக்கிற அம்மா?"

"நின்னுட்டுத்தான் இருந்துச்சு," என்றாள் செலினா அம்மாள் ஜன்னல் வழியாக.

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

செலினா அம்மாள் தலைத்துணியைச் சரிசெய்தாள். போலீஸ்காரர் நோட்டைப் பிரித்து, "பேரைச் சொல்லு" என்றார். சிமியு சொன்னான். பேனா 'சிமி' வரைக்கும் வந்தது.

கார்க் கதவு திறந்தது. செலினா அம்மாள் இறங்கி வந்து, முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒட்டியிருந்த கேமராவைப் பார்த்து நின்றாள்.

"ஏ கேமரா! உன் முதலாளிகிட்ட சொல்லு. ரெண்டாவது கண்ணு என்னைத்தான் பார்த்துட்டிருந்திருக்கு. தின்னது நான். வெட்கப்படணும்னா நான்தான் படணும், அவர் எதுக்குக் குறுக்க வந்து பொய் சொல்றாராம்? திங்கக்கிழமை வேலை போச்சுன்னா என் பொண்ணு என்கிட்டதான் வந்து மூக்கைச் சிந்துவா. போட்டுக் காட்டச் சொல்லு."

சிமியு நசுங்கிய எஞ்சின் மூடியைப் பார்த்தபடி, "கேமரா, அவங்ககிட்ட சொல்லு. இங்க பத்துப் பேர் நிக்கிறாங்க," என்றான்.

"பத்துப் பேரும் டீயே குடிக்காத வம்சமான்னு கேளு."

போலீஸ்காரர் திகைத்தார். "இவங்க யார்கிட்ட பேசறாங்க?"

"மாமியாரும் மருமகனும், சார்," என்றாள் நாலியாகா.

"ஓ," என்ற போலீஸ்காரர் தொப்பியைச் சற்று இறக்கிக்கொண்டார். அவரும் லுஹ்யா வீட்டு மருமகன்.

சிமியு போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு லாரியைப் பார்த்துத் திரும்பி நின்றான். காதை மூட முடியவில்லை. போனிலிருந்து மாமியாரின் கிசுகிசுப்பு வந்தது.

"தூங்கிட்டாளா? தூங்கிட்டா. கண்ணாடி கூரையைப் பார்க்குது. ஆண்டவரே, ஒரே ஒரு சப்பாத்தி, மன்னிச்சுக்கோ... இந்த மனுஷன் ஒண்ணுக்குப் போகக்கூட எறங்க மாட்டேங்கிறான். ஒட்டகத்துக்குப் பொறந்திருப்பான்போல."

கூட்டம் குலுங்கியது. அப்புறம் டீ ஊற்றும் சத்தம், நிதானமாக, நீளமாக. ஹாரன். 'டமார்'. அதைத் தொடர்ந்து மாதர் சங்கத் தலைவிக்குத் தெரிந்திருக்கக் கூடாத ஒரு வார்த்தை.

போலீஸ்காரர் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை போடச் சொன்னது பஸ் ஆட்கள்.

"படத்துக்குக் கீழ வேகம் பூஜ்யம்னு இருக்கே," என்றார் போலீஸ்காரர்.

"அது மெஷின் போடுற எண்ணு, ஐயா," என்றார் கரியுகி. "நாளைக்கு நான் பறந்தேன்னுகூடப் போடும்."

"சரி, எண்ணு பொய். டீ? விளிம்புவரைக்கும் ஊத்தியிருக்காங்க, இடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தலை. இதே ரோட்டுல ஓடுற வண்டியில நீ ஊத்திக் காட்டு, நான் நோட்டை மூடிட்டுப் போயிடறேன்."

கரியுகி சாலையைப் பார்த்தார். அதன் பள்ளங்களைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"கைப்பிரேக் கொஞ்சம் பழசு, ஐயா."

'சிமி'யின்மேல் ஒரு கோடு விழுந்தது. கரியுகியின் பேரைப் போலீஸ்காரர் முழுசாக எழுதிக்கொண்டார். கிளம்பும் முன் கரியுகி இரண்டு முட்டைக்கோஸ்களைக் கொண்டுவந்து செலினா அம்மாளிடம் நீட்டி, "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மா. எங்க மாப்பிள்ளையும் ஒட்டகம்தான்," என்றார்.

ஒரு விளக்கு உடைந்த ப்ரோபாக்ஸ் மறுபடி நகர்ந்தது. லிமுருவுக்கு முன்னால் சிமியு வண்டியை ஓரங்கட்டி நோட்டை எடுத்தான். 6.05 வரியை அடித்துவிட்டு, 'பொத்தானை அழுத்துகிறவர் திரையைப் பார்த்து அழுத்தவும்' என்று எழுதினான்.

"உள்கண்ணுக்கு என்ன போடலாம்?" என்று மனைவியைக் கேட்டான்.

"முகம் தெளிவு, குரல் ரொம்பத் தெளிவு," என்றாள் அவள். "ஒன்பது போடுங்க."

"பத்து போடச் சொல்லு," என்றது பின்சீட்டு. "எனக்குத் தெரியாம எடுத்திருக்குல்ல."

சிமியு ஒன்பதரை போட்டான். பின்னால் மறுபடி துணி பிரியும் சத்தம் கேட்டது. நாலியாகாவின் தோளுக்கு மேலாக ஒரு சப்பாத்தி முன்னால் வந்தது.

"இதை அந்தக் கேமராவுக்குக் குடு," என்றாள் செலினா அம்மாள். "காலையில இருந்து அதுவும் ஒண்ணும் தின்னலை. நான் ஜன்னலைத்தான் பார்த்துட்டிருக்கேன்னு சொல்லு."

சிமியு இரண்டு கையாலும் வாங்கி, கண்ணைச் சாலையைவிட்டு எடுக்காமல், நாலே கடியில் தின்றான்.