கேள்விக்குறிக் கரை

மாவட்ட வரைபடத்தை மிஹ்லார் இணையத்தில் ஏற்றிய அன்று பிற்பகல், அவனுடைய ஊரிலிருந்து மீனுக்குப் போன படகுகள் கரைக்கு எதிரே வந்து, அதற்கு மேல் நெருங்க முடியாமல் நின்றுவிட்டன. எஞ்சின் ஓடியது, முன்னால் அணியம் தண்ணீரைக் கிழித்தது, தூரம் மட்டும் குறையவில்லை. கரையில் நின்றவர்களுக்குப் படகில் இருந்தவர்களின் சட்டை நிறம்கூடத் தெரிந்தது. அன்று மீன் விலை ஏறியதற்கு இதுதான் காரணம்.

நாட்டில் சண்டை முடிந்து ஐந்தாவது வருடம் அது. கணினிக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம்தான் தெரியும். எந்த இலக்கம் எந்த எழுத்து என்பதற்கு ஓர் அட்டவணை வைத்திருக்கும். ஓர் அட்டவணைப்படி எழுதியதை இன்னொன்றைக் கொண்டு வாசித்தால், ஊர்ப் பேரெல்லாம் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகளாய் வரிசையில் நிற்கும். அன்று காலையில் வரைபடத்தைத் திறந்தபோது மிஹ்லாரின் திரையில் நின்றவை அவைதான். அது சுகமாகக்கூடிய நோய். சரியான அட்டவணையைக் காட்டினால் போதும். அவனோ, அரைகுறையாய்த் தெரிந்தவர்களுக்கே வரும் துணிச்சலில், கைக்கு வந்த அட்டவணையைத் தெரிவுசெய்து சேமித்தான். அதில் தமிழே இல்லை. தனக்குத் தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, இலக்கங்களை அது எறிந்துவிட்டது. மிஹ்லார் கவனமான ஆள். அந்தக் கேள்விக்குறிகளைப் பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து, பழைய பிரதியை அழித்தான்.

மாலைக்குள் பாதையோரப் பலகைகளும் கேள்விக்குறிகளாயின. பஸ் கண்டக்டர் ஊர்ப் பேருக்குப் பதில் விசிலடிக்க, ஆட்கள் குத்துமதிப்பாக இறங்கினார்கள். எந்த ஊர் என்று கேட்டால் வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊரென்று சொல்ல முடியாமல் ஒரு கல்யாணப் பேச்சு நின்றது. மிஹ்லாருக்கு அதெல்லாம் கவலையில்லை. எதிரே நின்ற படகொன்றில் தம்பி ஃபஸ்லான் இருந்தான். மறுநாள் அவன் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டும் விழவில்லை. தண்ணீரோடு போன படகு அவர்களை எட்டவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் நடுவில் நின்றது. மிஹ்லார் இருந்த அட்டவணையையெல்லாம் காட்டிப் பார்த்தான். கேள்விக்குறி அசையவில்லை. கொழும்பிலிருந்த கூட்டாளி, அது இனித் திரும்பாது, ஊராட்களிடம் கேட்டுத்தான் புதிதாக எழுதவேண்டும் என்று போனில் சொன்னான். ஊராட்களிடம் இருந்தால்தானே.

இருந்தது அவனுடைய உம்மா அலீமாவிடம் மட்டும். தேங்காய் துருவிக்கொண்டே, தனக்குத் தெரியும் என்றார்.

அந்தக் கரையில் ஒரு வழமை உண்டு. அறியாத கரைக்கு வரும் தோணி, இது எந்தத் துறை என்று கூவும். கரையில் நிற்பவர் பேரைச் சொல்வார். அதன் பிறகே தோணி ஏறும். தொண்ணூறில் முஸ்லிம்களெல்லாம் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தபோது அலீமாவின் தோணிக்கும் அப்படிச் சொன்னார்கள். சாமான்களோடு பின்னால் வந்த தோணியில் அவருடைய புருஷன் உசனார் இருந்தார். அந்தத் தோணிக்கு நீ சொல்லு பிள்ளை என்று பேரை அலீமாவிடம் அமானத்தாக ஒப்படைத்துவிட்டு, கரைக்காரர்கள் வந்தவர்களுக்குத் தின்னப் பாண் எடுக்கப் போனார்கள். அந்நேரம் பார்த்து ஏழு வயது மிஹ்லார் வாந்தியெடுத்துக் கண்ணைச் சொருகினான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அலீமா திரும்பி வந்தபோது, கடலில் ஒன்றும் இல்லை.

"சொல்லவேண்டிய ஆளுக்குச் சொல்லாம வச்சிருக்கிற பேர் மகன். அது எங்க மறக்கிற?"

"சொல்லுங்க உம்மா, டைப் பண்றன்."

"ஒன்ட மெசினுக்குச் சொல்லவா எனக்கு அமானத்தாத் தந்த? நீ அதுக்கும் ஒரு கேள்விக்குறி போடுவாய்."

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு அலீமா கடலில் இடுப்பளவுக்கு இறங்கினார். இத்தனை வருடம் வாய்க்குள் கிடந்ததைக் கூவினார்.

"பள்ளிவாசல்துறை. இது பள்ளிவாசல்துறை."

படகுகள் அவிழ்த்துவிட்ட மாடுகளைப் போல வந்து சேர்ந்தன. ஃபஸ்லான் குதித்தோடி வந்து, மிஹ்லார் நீட்டிய போத்தலை ஒரே மூச்சில் குடித்தான். எல்லாவற்றுக்கும் பின்னால், அந்தக் கரையிலிருந்து போகாத தோணியொன்றும் வந்தது. அதில் தையல் மெசின், பாய்ச்சுருள், கால் கட்டிய கோழிகள். உசனார் சாரத்தை மடித்துக்கட்டியபடி இறங்கினார். மூத்த மகன் மிஹ்லாரைவிட ஒரு வயது இளமையாக இருந்தார்.

"கரை தெரிஞ்சது அலீமா. கூவிக் கூவிக் கேட்டன். பேர்தான் ஒருத்தரும் சொல்லல்ல."

"புள்ளைக்கு வாந்தி," என்றார் அலீமா.

"இப்ப எப்படி?"

"இப்ப சுகம் வாப்பா," என்றான் மிஹ்லார்.

அவன் அந்தப் பேரை எழுதி, இம்முறை தமிழ் உள்ள அட்டவணையில் சேமித்தான். வலைக் கயிற்றை இழுத்தால் மிதவைகள் வருவதுபோல, எத்தாளை, ஆலங்குடா என்று மற்ற ஊர்ப் பேர்களும் ஆட்களின் வாய்க்குத் திரும்பின. உசனாருக்கு அடையாள அட்டை எடுப்பதில்தான் சிக்கல். பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்கும் எவரும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மற்றப்படி ஃபஸ்லானோடு கடலுக்குப் போய் வருகிறார். மிஹ்லாரின் சட்டை அவருக்கு அளவாக இருக்கிறது.

இப்போதும் அஸருக்குப் பிறகு அந்த வீட்டார் யாராவது கரையில் நின்று ஊர்ப் பேரைக் கூவுகிறார்கள். எப்போதாவது, பழைய சாமான்களோடு அறியாத தோணியொன்று வந்து ஏறும். அதில் வருபவர்களுக்காகச் சந்திக் கடையில் பாண் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறார்கள்.