வெளுத்துப்போன ஊதா

என் பெண்டாட்டி சீதாலெட்சுமி பிளட் பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பதினொரு நாள் ஆகியிருந்தது. குப்பைக் கூடையைக் கவிழ்த்தபோது பதினொரு மாத்திரையும் உள்ளே கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு உஷாராணி விற்கிற கடல்பாசியை ஊறவைத்துக் குடித்தால் மாத்திரையே வேண்டாமாம். தீபாவளிக்கு ஜெல்லி காய்ச்சுகிற சாமான் எப்போது டாக்டரானது என்று கேட்டேன்.

"அது வேற பாசி. இதுல ஆண்டிஆக்சிடென்ட் இருக்கு. ஒங்களுக்கு என்னா தெரியும்?"

நாற்பது வருஷம் லோரி ஓட்டியவன் நான். வீடு தேடி வந்து விற்கிற எதையும் நம்பியதில்லை. ஒரு பிடி பாசியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிள்ளானில் ரயில் ஏறினேன். மச்சினன் மகள் தாமரைக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை.

"போலின்னு சொல்லிரு. போதும்" என்று பாசியை அவளிடம் நீட்டினேன்.

"செஞ்சு பாக்காம சொல்ல மாட்டேன் மாமா. ஒரு நா ஸ்பிரிட்ல ஊறணும். நாளைக்கு வாங்க லா."

மறுநாள் போனேன். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் மங்குஸ்தீன் பழத்தோல் மாதிரி ஊதா நிறத்தில் தண்ணீர் வைத்திருந்தாள். ஒன்றில் வெறும் ஸ்பிரிட்டை விட்டாள். ஊதா ஊதாவாகவே இருந்தது. மற்றதில் பாசி ஊறிய சாற்றை விட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா வெளுத்து, மஞ்சளாகிப் போனது. அவள் ஏதோ கலந்துவிட்டாள் என்று நினைத்து, இன்னொரு குழாயில் என் கையாலேயே சொட்டுவிட்டேன். அதுவும் மஞ்சள்.

"இந்த ஊதா சண்டைக்கு அலையிற சாமான் மாமா. பாசியில உள்ள சத்து அத அடக்கிருது. பாறையில ஒட்டிக்கிட்டு நாளெல்லாம் வெயில்ல கெடக்குது, ஓடவா முடியும்? தன்னக் காப்பாத்திக்க தானே செஞ்சு வச்சிருக்கு."

போர்ட் கிள்ளானில் எத்தனையோ வருஷம் அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். வழுக்கினால் காறித் துப்பியிருக்கிறேன். வாயில்லாத பாசி, அங்கேயே கிடந்து இப்படி ஒரு வேலை பார்த்திருக்கிறது. குழாயைக் கீழே வைத்தேன்.

"ஆனா இது கண்ணாடிக்குள்ள நடக்குது மாமா. அத்த ஒடம்புக்குள்ள பிரஷர எறக்கும்னு இது சொல்லல. மாத்திரைய முழுங்கச் சொல்லுங்க."

ரயிலில் வரும்போது யோசித்தேன். போலி என்று ஒரு சொல் சொன்னால் இன்றைக்கே மாத்திரை போட்டுக்கொள்வாள். ஆனால் என் கண்ணே பார்த்துவிட்டதே.

சீதாலெட்சுமி அடுப்படியில் பாசியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்ல சாமான்தான். நானே பாத்தேன்" என்றேன். "ஆனா மாத்திர செய்யிற வேலைய இது செய்யாது. ரெண்டும் வேற."

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து ஒரு சாமான நல்லதுன்னு ஒங்க வாயால கேட்டதில்ல" என்றாள். "என் சமையலக்கூட."

மாத்திரை ஒன்றை உரித்து நீட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வாயில் போடவில்லை. கிண்ணத்தில் சுருண்டு கிடந்த கறுப்புப் பாசி ஒவ்வொரு மடிப்பாக விரிந்து, இலை இலையாகப் பச்சை ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.