கத்தாமல் நின்ற வரிகள்

காலமெல்லாம் பட்டறையில் இரும்பைப் பற்றவைத்த வெல்டர், ஓய்வுபெற்ற பிறகு கவிதை எழுத ஆரம்பித்தார் என்றால் தெருவில் யார் நம்புவார்கள்? யாரும் நம்பவில்லை. அவரும் தெருவில் யாரையும் நம்புவதில்லை. "கவிஞரே" என்று யாராவது கூப்பிட்டால், கிண்டலா என்று முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

படிப்பு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மொத்த மனித இனத்தையும் ஒரு பிடி பிடித்தார். மனிதன் வளர்ந்துவிட்டான், உள்ளே காலி. எந்தக் கவிதையை எடுத்தாலும் இதுதான்.

அந்தக் கவிதைகளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ரசிகை, அவர் மனைவி. அவளுக்கோ காது மந்தமாகிக்கொண்டே போய், குக்கர் கத்தினாலும் திரும்பிப் பார்க்காத நிலை. அதனால் சாயங்காலம் டீ குடித்ததும், நாற்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திப் படிப்பார். அவளும் சரியான இடத்தில் தலையாட்டுவாள். கத்தினால் கேட்கிறது என்று அவருக்குத் திருப்தி.

இதற்கு நடுவில் மருமகள் காது மிஷின் பேச்சை எடுத்தாள்.

"டாக்டர்கிட்ட நீங்களும் வந்து கேளுங்க மாமா."

"கேட்டா? விக்கிறவன் வேண்டாம்னா சொல்லப் போறான்?"

மருமகள் அசரவில்லை. மாமியாரைக் கூட்டிப்போய் அளவு கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கே அவர் ஒரு வரி எழுதினார்: காதுக்கு மிஷின் செய்தாயே மனிதா, கேட்பதற்கு மனசு செய்தாயா? அந்த ஞாயிற்றுக்கிழமை நூலக விழாவில் படிப்பதற்கான கவிதையில் அதையும் சேர்த்துக்கொண்டார். அதுதான் அவருக்கு முதல் மேடை. மனைவி தலையாட்டிவிட்டால் போதும், தைரியம் வந்துவிடும்.

மிஷின் மாட்டிக்கொண்டு அவள் வந்த சாயங்காலம், வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்தார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"எதுக்குங்க கத்துறீங்க? யாராவது அடிச்சாங்களா?"

குரலைத் தணித்துப் படித்தார். முழுசாகப் படித்து முடித்தும் அவள் தலை அசையவே இல்லை.

"அந்தக் காது மிஷின் வரி என்னைப் பத்தியா?"

"மனுச இனத்தைப் பத்தி."

"இந்தத் தெருவுல மனுச இனம்னா நான் மட்டும்தானா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஏன் தலையாட்டல?"

"இப்பதானே கேக்குது. கேட்ட பிறகு எப்படி சும்மா ஆட்டுறது?"

"அப்ப இவ்வளவு நாளும்?"

"ஒரு வார்த்தைகூட காதுல விழல. நீங்க இடது கையைத் தூக்குவீங்க. உடனே ஆட்டுவேன்."

அவருக்குச் சுருக்கென்றது. "நீயும் என்னை ஏமாத்திட்டே."

"பட்டறைக்குப் போன காலத்துல வீட்டுக்கு வந்தா சோறு, தூக்கம். என் எதிர்ல உக்காந்து, என் மூஞ்சியப் பார்த்துப் பேசுனது இந்தக் கவிதை வந்த பிறகுதான். ஆட்டலைன்னா நிறுத்திடுவீங்களோன்னு பயம்."

கிண்டலா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டல் இல்லை. கையிலிருந்த தாளில் 'உள்ளே காலி' என்ற வார்த்தைகளுக்கு அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார். அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"இன்னொரு தடவை படிங்க. மெதுவா. எது நல்லாயிருக்குன்னு சொல்றேன்."

படித்தார். பற்றவைத்த இடத்தைச் சுத்தியலால் தட்டினால் மேலே இருக்கும் கசடு உதிரும். இரும்பு பிடித்திருக்கிறதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். கவிதையும் அப்படித்தான் உதிர்ந்தது. கத்திப் படித்தால் மட்டுமே நிற்கிற வரி ஒவ்வொன்றும் மெதுவாகச் சொன்னதும் பொலபொலவென்று கொட்டியது. காது மிஷின் வரியை அவரே அடித்தார். கடைசியில் இரண்டே வரிகள் மிஞ்சின. அதற்குக் கீழே, வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, இன்னும் இரண்டு எழுதினார். அவற்றை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகர் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். முன்வரிசையில் மருமகளும் மனைவியும். அவர் மைக் முன்னால் நின்று, இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"சத்தமா படிங்க ஐயா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சத்தமா படிச்சா நிக்காது. கொஞ்சம் முன்னாடி வந்து உக்காருங்க."

சிரிப்பு எழுந்தது. சிலர் நிஜமாகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். வீட்டில் படிப்பதுபோலவே படித்தார்:

ஒரு விரலால் ஊரையே கூப்பிடுகிறாய்,
உன்னைக் கூப்பிட உன்னிடம் எண் இல்லை.
எதிரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்,
அவளைக் கூப்பிட எண் வேண்டாம்.

"அவ்வளவுதான்," என்றார்.

கூட்டம் கைதட்டியதா என்பதை அவர் கவனிக்கவில்லை. சட்டைப்பைக்குள் கையை அசையாமல் வைத்துக்கொண்டு முன்வரிசையையே பார்த்தார். அவள் காதில் மிஷினைச் சரிசெய்துகொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள்.