மூன்று வரிசைக்கும் ஒரே கால்

நகரத் திட்ட அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வரைபடம் வரைவதுதான் வேலை, ஆனால் நாற்காலியில் அரை மணி சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். கோப்பு எந்த அறைக்குப் போக வேண்டுமென்றாலும் அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும்.

அதனால்தான் ஆஸ்பத்திரி முனையில் புது சிக்னல் நட்டபோது, நடந்து கடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. படிவத்தில் மூன்று வரிசை உண்டு. மூன்று பேர் நடந்து பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. வெயிலில் இறங்க யாருக்கு மனம் வரும்?

"நீயே மூணு தடவ நடந்துடும்மா. மூணு பேர் நடந்த மாதிரிதானே?" என்றார் சர்வேயர், பஸ் ஸ்டாப் நிழலை விட்டு நகராமல்.

நடந்தாள். பதினான்கு, பதினான்கு, பதினான்கு. அந்தத் தாளைப் பார்த்த பொறியாளர், "இவ்வளவு சுத்தமா ஒத்துப்போற அளவ நான் பார்த்ததே இல்ல" என்று பாராட்டினார். அவளுக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில், எட்டு மாத வயிற்றோடு இருந்த நாத்தனாரை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பச்சை விழுந்ததும் கையைப் பிடித்து இறங்கினாள்.

"மெதுவா அண்ணி. நான் என்ன பந்தயத்துக்கா வந்திருக்கேன்?"

"மெதுவாத்தான் போறேன்."

"இதுக்குப் பேரு மெதுவா? எங்கண்ணன் எப்படித்தான் உங்க பின்னாடி ஓடுறாரோ, பாவம்."

நடுரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள், பச்சை அணைந்துவிட்டது. ஒரு லாரி உறுமியது. ஸ்கூட்டர்காரன் ஒருவன் அவர்கள் முதுகை உரசிக்கொண்டு போனான். நாத்தனார் வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். எக்ஸ்பிரஸ் கையை நீட்டி வண்டிகளை நிறுத்தி, அவளைத் தள்ளாத குறையாகக் கரை சேர்த்தாள்.

நடைபாதைக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி நாத்தனார் சொன்னாள்: "இந்த விளக்குக்கு நேரம் வெச்ச மகராசன் யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும் அண்ணி. அவன் வீட்டுல வயசானவங்க, நோயாளி யாருமே கிடையாதா?"

எக்ஸ்பிரஸ் டோக்கன் வாங்கப் போகிற சாக்கில் நகர்ந்துகொண்டாள்.

விஷயம் ஒரு முனையோடு முடிவதாக இல்லை. அதே அகலமுள்ள இன்னும் பதினொரு முனைகளுக்கும் அந்தப் பதினான்கையே வைக்கும் கோப்பு, வெள்ளிக்கிழமை கையெழுத்துக்காகப் பொறியாளர் மேஜையில் இருந்தது. அதன் மேலேயே அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் தாளும் இருந்தது. மூன்று வருடம் காத்திருந்த தாள்.

திங்கள் முதல் வியாழன் வரை சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி முனைக்குப் போனாள். இந்த முறை நடக்கவில்லை, நடப்பவர்களைப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையும் கையில் ஸ்கேன் உறையுமாகப் போன அம்மா, பத்தொன்பது. கண்ணில் கட்டுப் போட்டவரும் அவரை நடத்திப்போன மனைவியும், இருபத்திரண்டு. ஊன்றுகோலோடு வந்தவர் முதல் பச்சைக்கு இறங்கவே இல்லை. அடுத்த பச்சை விழும் முன்பே ஒரு காலை ரோட்டில் வைத்துக் காத்திருந்தார். அப்படியும் இருபத்து நான்கு. அறுபது பேரைப் பார்த்ததில் பதினான்குக்குள் கடந்தவர்கள் பதினேழு பேர், அவர்களிலும் பாதிப் பேர் ஓடினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் குறிப்பைப் பொறியாளர் முன் வைத்தாள்.

"அப்போ முதல்ல நடந்த மூணு பேரு யாரு?"

"நான்தான் சார். மூணு வரிசையும் நான்தான்."

"சர்வேயர் எங்க போனாரு?"

"எழுதினது என் கை சார்."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்து விநாடி கூட்டினா வண்டி பாலம் வரைக்கும் நிக்கும். தெரியுமா?"

"நிக்கட்டும் சார். அவங்க உட்கார்ந்துகிட்டுதானே நிக்கிறாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொறியாளர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பதினொரு முனைக் கோப்பை ஓரமாக ஒதுக்கினார். அவளுடைய தாளை இழுப்பறைக்குள் வைத்தார். "தப்பான படிவம் குடுத்த கையோட நிரந்தரம் போட்டா நான்தான் பதில் சொல்லணும். ஒரு வருஷம் போகட்டும்."

"சரிங்க சார்."

வெளியே சர்வேயர் காத்திருந்தார். "பொழைக்கத் தெரியாதவளா இருக்கியே! யாரும்மா உன்ன கேட்டாங்க?"

"யாரும் கேக்கல சார். உங்களத்தான் உள்ள கூப்பிடுறாங்க."

அவர் முகம் சுருங்கியது. "என் பேரையும் சொல்லிட்டியா?"

"இல்ல. மத்தியானம் நீங்க, கிளார்க்கம்மா, பொறியாளர் மூணு பேரும் நடக்கணுமாம். வெயில்ல."

அன்று மத்தியானம் மூன்று பேரும் நடந்தார்கள். முழங்கால் வலிக்காரரான பொறியாளர் இருபத்து மூன்றில் வந்து சேர்ந்தார். அவளுடைய அறுபது பேர் குறிப்பையும் படிவத்தோடு இணைக்கச் சொன்னார்.

மறுவாரம் லைன்மேன் வந்து சிக்னல் பெட்டியைத் திறந்து இருபத்து நான்கு வைத்தார். வண்டிக்காரர்கள் ஹாரனை அமுக்கித் தீர்த்தார்கள். நடப்பவர்களுக்கோ விஷயம் தெரியவில்லை. பழைய பயத்தில் எல்லோரும் ஓடி, எதிர்ப்பக்கம் ஏறிய பிறகு, இன்னும் எரிகிற பச்சையைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் நாளும் ஓடினார்கள். மூன்றாம் நாள், மருந்துப் பையோடு வந்த ஒரு பெண் நடுரோட்டில் நின்று, நழுவிய பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்தில் வந்தவளிடம் ஏதோ பேசியபடியே நடந்து போனாள்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் அலுவலகத்துக்குத் திரும்பினாள். பதினொரு முனைக்கும் புதிதாகப் படிவம் போட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பேரை எங்கே பிடிப்பது என்று யோசித்தபடி படியேறினாள்.