கொழும்பில் நின்ற இல்மா

"கொழும்புல என்ன வேல ஒங்கட மகளுக்கு? கேக்கிறேன், சொல்லுங்கோ!"

"மெதுவாக் கதைங்கோ மச்சி. மக குசினியில நிக்கிறா."

"குசினியிலயா? காலையில இருந்து கொழும்புலதான் நிக்கிறா. என்ட கண்ணால கண்டேன். இந்தக் கலியாணமே வேணாம்!"

மாம்புரியில் மபாஸா வீட்டு வாசலில் நின்று உம்மு குல்சூம் போட்ட சத்தத்தில், அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முருங்கைக்கீரை தேவைப்பட்டது. வேலியோரம் நின்று ஒடித்துக்கொண்டிருந்தார்கள்.

மபாஸாவின் மகள் இல்மா மாவுக் கையோடு வெளியே வந்தாள். கத்தாரில் வேலை செய்யும் உம்மு குல்சூமின் மகன் நுஸ்கியை அவளுக்குப் பேசி முடித்திருந்தது. அவனை அவளுக்கு நன்றாகவே பிடித்திருந்தது. மாமியின் நிபந்தனைதான் பிடிக்கவில்லை. மாமி, மகன், இல்மா மூன்று பேரும் தாங்கள் நிற்கும் இடத்தை இன்டர்நெட்டில் ஒரே வரைபடத்தில் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மகன் நிம்மதியாக வேலை செய்வானாம். மகன் பார்த்தானோ இல்லையோ, மாமி பார்த்தார். ஃபோனில் எழுத்துத் தெரியாதென்று வீட்டுக் கம்பியூட்டரின் பெரிய திரையில், தேத்தண்ணியும் கையுமாக, நாடகம் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இந்தா நிக்கிறேன் மாமி."

"அப்ப கொழும்புல நிக்கிறது ஆரு?"

இல்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் ஃபோன் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட, தையல் மாதிரிகள் பார்க்கும் கம்பியூட்டரில் அந்த வரைபடத்தைத் திறந்திருந்தாள். இடத்தைக் காட்டவா என்று அது கேட்டது. ஓம் என்று அமத்திவிட்டு மாப்பிசையப் போய்விட்டாள்.

"கம்பியூட்டருக்கு எங்கட வீடு தெரியாது மாமி. இன்டர்நெட் எங்க இருந்து வருதோ, அங்க நிக்கிறமெண்டு சொல்லும்."

மாமியை அறைக்குள் கூட்டிப்போய், செட்டிங்ஸில் இருப்பிடத்தை நிறுத்தினாள். அவளுடைய புள்ளி மறைந்தது.

"அல்லாஹ்வே, எங்க போயிட்டா?" மாமி பதறிப்போனார்.

"ஒங்கட பக்கத்துலதான் நிக்கிறேன்."

வெளியே யாரோ சிரித்தார்கள். கீரை ஒடித்தவர்கள் ஜன்னலோரத்துக்கு நகர்ந்திருந்தார்கள். அங்கே முருங்கை மரமே இல்லை.

திரையில் இன்னொரு புள்ளி கொழும்பிலேயே கிடந்தது. இல்மா அதைச் சும்மா விட்டிருக்கலாம்.

"அது நீங்க மாமி. ஒங்கட கம்பியூட்டர். நீங்களும் எத்தனையோ நாளாக் கொழும்புலதான் நிக்கிறீங்க. நான் ஒங்கட வாசலுக்கு வந்து சத்தம் போட்டனா?"

ஊரையெல்லாம் தேடிய மாமிக்குத் தன்னைத் தேட நேரமிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மபாஸாவின் ஃபோன் அடித்தது. நுஸ்கி.

"மாமி, காலையில வரைபடத்துல கண்டேன். உம்மாவும் இல்மாவும் ஒண்டாக் கொழும்புக்குப் போனாங்களா? கலியாண உடுப்பு எடுக்கவா? சாரி என்ன நிறம்?"

அவன் குரலில் இருந்த சந்தோஷம் ஜன்னலுக்கு வெளியேயும் கேட்டது. உம்மு குல்சூம் இல்மாவைப் பார்த்தார். பிறகு ஃபோனை வாங்கினார்.

"ஓம் மகன். இண்டைக்கு ஒண்டும் பிடிக்கல்ல. நாளைக்கும் போவோம்."

மறுநாள் இருவரும் உண்மையாகவே கொழும்புக்குப் போனார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. ஊர் வழமைப்படி, கத்தாரிலிருந்து திரும்பிய நுஸ்கி பெண் வீட்டோடு வந்து குடியேறினான். வந்த சூட்டோடு அவனுடைய புள்ளியையும் இல்மா நிறுத்திவிட்டாள். மகன் எங்கே நிற்கிறான் என்று அறிய வேண்டுமானால், இப்போது உம்மு குல்சூமும் முருங்கைக்கீரை ஒடிக்கத்தான் வரவேண்டியிருக்கிறது.